முதல் ரூட்டர் வாங்கப் போறீங்களா? இந்தப் பலகையப் பாத்துட்டுப் போங்க

வணக்கம் மக்களே. ரூட்டர்னா இங்க வைஃபை பெட்டி இல்ல; பிட்டுங்கிற வெட்டுற முனையச் சுத்த விட்டு மரத்துல காடி, அதாவது நீளப் பள்ளம் எடுக்குற, விளிம்ப உருட்டுற மெஷின். இந்தப் பலகையக் கேமரா கிட்ட கொண்டு வரேன், நல்லா பாருங்க. இந்தப் பக்கம் காடியோட ஆழம் 5 மில்லிமீட்டர். அப்படியே விரல ஓட்டிக்கிட்டே வாங்க... இந்த முனையில 9. நடுவுல நான் ஆழத்த மாத்தவே இல்ல. மெஷின் ஓட ஓட பிட்டு தானா எறங்கியிருக்கு. புத்தக அலமாரிக்குன்னு எடுத்து வச்ச பலகை, இப்ப பெயின்ட் டப்பா வைக்கத்தான் ஆகுது.

ஏன் எறங்குச்சு? பிட்டோட தண்டு 6 மில்லிமீட்டர். என் ரூட்டர்ல இருந்த காலெட் கால் இஞ்சு, அதாவது 6.35. காலெட்னா பிட்டோட தண்டப் புடிக்கிற அந்தப் பித்தளை கலர் வளையம், இதோ, பிளவு பிளவா இருக்கு பாருங்க. வித்தியாசம் வெறும் 0.35 தான். கையில புடிச்சுப் பாத்தா தெரியாது. நட்டும் இறுகுன மாதிரியே இருந்துச்சு. ஆனா சுத்தியும் கவ்வாம ரெண்டு மூணு எடத்துல மட்டும் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. பிட்டு முழுசா கழண்டு பறக்கலைன்னு சந்தோஷப்பட்டுக்கணும்.

அதனால கடையில என்கிட்ட யாராவது "எத்தன வாட்ஸ் வாங்கட்டும்"னு கேட்டா, மொதல்ல காலெட் என்ன சைஸுன்னு பாருன்னுதான் சொல்லுவேன். 6, 6.35, 8, 12, 12.7னு பல அளவு இருக்கு. பிட்டும் காலெட்டும் ஒரே அளவா இருக்கணும், "கிட்டத்தட்ட" எல்லாம் செல்லாது.

சரி, பெருசா சின்னதா? வருஷத்துக்கு நாலு தடவ ஒரு ஷெல்ஃபு, ஒரு ஸ்டூலு, டேபிள் விளிம்ப உருட்டுறது, இவ்வளவுதான் வேலைன்னா ஒரு கையில அடங்குற சின்ன ரூட்டரே போதும். ஆசாரிங்க நிறைய பேரு இத ட்ரிம்மர்னுதான் சொல்லுவாங்க. 600, 700 வாட்ஸ் இருக்கும். பெரிய ரூட்டருக்கு ஒரு நியாயம் இருக்கு, அத மறைக்கல. அதுல அரை இஞ்சுத் தண்டு பிட்டு மாட்டலாம். அரை இஞ்சுத் தண்டு கால் இஞ்சு மாதிரி ரெண்டு மடங்கு தடிமன், ஆனா வளையாம நிக்கிற பலம் 16 மடங்கு. கதவு நிலை, கனமான மோல்டிங்னு எறங்குனா அது வேணும். ஆனா முதல் மெஷினா அத எடுத்தவங்க பலபேரு ஸ்விட்ச் போட்டதும் அது கையில ஒரு முறுக்கு முறுக்கிச்சுன்னு பயந்து, திரும்பப் பெட்டியில வச்சுடுறாங்க. நானும் பயந்திருக்கேன்.

பேஸ், அதாவது பலகை மேல உக்காந்து நகர்ற அடிப்பாகம், அந்த விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதா பேஸ் விளிம்பு வேலைக்கு சரி. பலகைக்கு நடுவுல காடியத் தொடங்கணும்னா பிட்டு சுத்திக்கிட்டே நேரா கீழ எறங்கணும், அதுக்கு பிளஞ்ச் பேஸ். ரெண்டும் சேந்து வர்ற செட் கெடச்சா யோசிக்காம எடுங்க.

வேகத்த மாத்துற டயல் இருக்கான்னும் பாருங்க. ஒரு கணக்கு சொல்றேன். 6 மில்லிமீட்டர் பிட்டு நிமிஷத்துக்கு 25,000 சுத்துல சுத்துனா அதோட வெளி விளிம்பு மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்துல போகும். 50 மில்லிமீட்டர் பிட்ட அதே சுத்துல விட்டா மணிக்கு 235! அதான் பெரிய பிட்டுக்கு வேகத்தக் கொறைக்கச் சொல்றாங்க. சாஃப்ட் ஸ்டார்ட், அதாவது ஸ்விட்ச் போட்டதும் மெதுவா வேகமெடுக்குற வசதி, இருந்தா நல்லது, இல்லன்னாலும் சின்ன மெஷின்ல பெருசா ஒண்ணும் கொறையாது.

பிட்டு 30 இருக்குற மரப்பெட்டி செட்டு பாக்க அழகா இருக்கும். வாங்கிட்டு நான் தொட்டது நாலு. கார்பைடு முனை வச்ச நல்ல பிட்டு மூணு போதும்: நேர் பிட்டு ஒண்ணு, ஒரு பலகைய இன்னொண்ணோட மட்டத்துக்குச் சீவ பேரிங் வச்ச ஃப்ளஷ் ட்ரிம் ஒண்ணு, விளிம்ப உருட்ட ரவுண்ட் ஓவர் ஒண்ணு.

அந்த 5 மில்லிமீட்டர ஒரே ஓட்டுல எடுத்தது வேற ஒரு தப்பு. சின்ன ரூட்டர்ல ஓட்டுக்கு 2, 3 மில்லிமீட்டர்னு படிப்படியா எறங்கணும். பிட்ட காலெட்டுக்குள்ள அடிவரைக்கும் இடிச்சு வைக்காம, உள்ள விட்டு ஒரு 2 மில்லிமீட்டர் வெளிய இழுத்து இறுக்குங்க. தண்டு அடியில முட்டிக்கிட்டு இருந்தா காலெட் சரியா கவ்வாது.

வாங்க, ஒண்ணு ஓட்டிக் காட்டுறேன். பலகையோட விளிம்பு என்னப் பாத்து இருக்கு, அதனால இடமிருந்து வலம் போறேன். திருப்பிப் போனா பிட்டு மரத்தக் கவ்விக்கிட்டு மெஷினையே இழுத்துட்டு ஓடும். நாலு பக்கமும் உருட்டணும்னா நார் வெட்டுப்படுற குறுக்குப் பக்கத்த மொதல்ல முடிங்க. அங்க கடைசி மூலையில சிலாம்பு பேந்தாலும், அடுத்து நீளப் பக்கம் ஓட்டும்போது அது போயிடும். நடுவுல யோசிச்சு நின்னீங்கன்னா அந்த எடம் கருகிடும்.

கண்ணாடி போட்டாச்சு, மாஸ்க் போட்டாச்சு. காதுக்கு மஃப் மாட்டிக்கிறேன், நீங்க வால்யூமக் கொறச்சுக்கங்க. பிளக்க இப்பதான் சொருகுறேன், பிட்டு மாட்டும்போது வெளியதான் கெடந்துச்சு. ஆன் பண்றேன்...