ஒன்றும் நடக்காத நாளின் வானிலை

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

வானிலையைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்தால், அவர் சூறாவளியில் தொடங்கிப் பனிப்புயலில் முடிப்பார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ தொலைக்காட்சியில் அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடும் ஒரு நாள். ரொறன்ரோவில் ஒக்ரோபர் நடுப்பகுதி. நல்ல வெயில், அதிகபட்சம் 12 பாகை செல்சியஸ், மெல்லிய காற்று, மழை இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுச் செய்தி ஹொக்கிக்குத் தாவிவிடும்.

ஐப்பசி என்றால் அடைமழை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வானம் இருண்டால் அண்ணாந்து பார்ப்போம். வெளுத்தால் வேலையைப் பார்க்கப் போவோம். அந்தப் பழக்கம் எங்களோடு விமானம் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. ஸ்காபரோவில் இருபது முப்பது ஆண்டுகள் குடியிருப்பவரிடம், "உங்கள் வீட்டு முற்றத்துக்கும் விமான நிலையத்துக்கும் இரவுக் குளிரில் எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்தை ஏன் இழுக்கிறாய் என்று திருப்பிக் கேட்பார். காரணம் இருக்கிறது. "ரொறன்ரோவில் இன்று இத்தனை பாகை" என்று நீங்கள் கேட்கும் எண் பெரும்பாலும் பியர்சன் விமான நிலையத்தில் அளந்தது. அங்கே நாங்கள் யாரும் குடியிருக்கவில்லை.

என் கட்சி இதுதான். இலையுதிர் காலத்தில் அடர்ந்த மேகமும் பெருங்காற்றும் வரும் நாளில், ஏரிக்கரை முதல் வடக்கே மார்க்கம் நகர் வரை ஏறக்குறைய ஒரே வானிலைதான். காற்று எல்லாவற்றையும் கலக்கி ஒன்றாக்கிவிடுகிறது. கோடை இடிமழை வேறு கதை. அது ஒரு தெருவை நனைத்து அடுத்த தெருவை விட்டுவிடும். ஆனால் வானம் தெளிந்து, காற்று அடங்கி, ஈரம் வற்றிய ஒரு நாளில் மேடு, பள்ளம், ஏரி, தார்ச்சாலை, மரக்கூட்டம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வானிலையை உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளூர் வானிலையைப் படிக்க வேண்டுமானால் படிக்க வேண்டிய நாள் இந்தச் சப்பென்ற நாள்தான்.

இந்த நாள் எப்படி வந்து சேர்கிறது? முதல் நாள் மாலை குளிர்முகம் ஒன்று, அதாவது முன்னேறிவரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, கடந்துபோயிருக்கும். அதுவரை தென்மேற்கிலிருந்து வீசிய இளஞ்சூடான காற்று வடமேற்குக்குத் திரும்பும். அமுக்கமானி இருந்தால் முள் மளமளவென்று ஏறும். வடக்கே ஹட்சன் விரிகுடாப் பக்கத்திலிருந்தும் புல்வெளி மாகாணங்களிலிருந்தும் இறங்கிவரும் அந்தக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. உயர் அமுக்கத்தின் நடுவில் காற்று மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், மேகம் கரையும். புகாரும் தூசியும் விலகியதால் வானத்தின் நீலம் ஒரு படி ஆழமாகிறது. இப்படிப்பட்ட நாளில் ஒன்ராறியோ ஏரியின் தென்கரையில், கிறிம்ஸ்பியில் நின்று பார்த்தால் ரொறன்ரோவின் கோபுரங்கள் தண்ணீருக்கு மேல் நிற்கும். அவற்றின் கீழ்த்தளங்கள் மட்டும் தெரியாது, பூமியின் வளைவு மறைத்துவிடும். பூமி உருண்டை என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

இனி ஈரத்துக்கு வருகிறேன். வானிலையில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் பனிபடுநிலையைப் பாருங்கள். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ அதுதான் பனிபடுநிலை. நாம் எடுத்துக்கொண்ட நாளில் பிற்பகல் வெப்பநிலை 12, பனிபடுநிலை 1 என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஈரப்பதன் ஏறக்குறைய 47 சதவீதம். அதே காற்று உங்கள் வீட்டுக்குள் வந்து, ஹீற்றர் அதை 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 26 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. காற்றிலிருந்து ஒரு துளி நீரையும் யாரும் எடுக்கவில்லை. சூடான காற்று கொள்ளக்கூடிய அளவு கூடிவிட்டது, அவ்வளவே. உதடு வெடிப்பதும், கம்பளத்தில் நடந்துபோய்க் கதவுப் பிடியைத் தொட்டவுடன் சுரீரென்று அடிப்பதும் இந்த 26 சதவீதத்தின் வேலை. ஒக்ரோபரில் சென்னையின் பனிபடுநிலை இருபதைத் தாண்டி நிற்கும். அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்த தோல் இங்கே முறைப்பாடு செய்வதில் வியப்பில்லை.

பனிபடுநிலைக்கு இன்னொரு பயன் உண்டு. இரவில் மேகமில்லை, காற்றில்லை என்றால் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை இறங்கி இறங்கிப் பனிபடுநிலையை நெருங்கியதும் ஈரம் துளியாகத் தொடங்கும். அப்போது வெளிவரும் வெப்பம் அந்த இறக்கத்துக்கு ஒரு தடை போடும். ஆகவே பிற்பகல் பனிபடுநிலை, மறுநாள் விடியலின் குறைந்தபட்ச வெப்பநிலைக்கு ஒரு நல்ல மதிப்பீடு. பிற்பகல் 12 பாகையில் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கும்போதே, விடியலில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகப்போகிறோம் என்று அந்த 1 சொல்லிவிடுகிறது. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்திரியைச் சுற்றி விசிறினாலும் இதைக் கணக்கிடலாம். நம் நாளில் திரி சுற்றாத உலர்ந்த குமிழ் 12 காட்டினால் திரி சுற்றிய ஈரக்குமிழ் 7 அளவில் நிற்கும். அந்த 5 பாகை இடைவெளிதான் வறட்சியின் அளவு.

மாலையில் வடமேற்கை ஒருமுறை பார்க்க மறக்காதீர்கள். ஜோர்ஜியன் விரிகுடாவின் நீர் கோடையின் சூட்டை இன்னும் விட்டுவிடவில்லை. குளிர்ந்த காற்று அதன்மேல் கடந்து வரும்போது அடியில் சூடும் ஈரமும் ஏறி, வரிவரியான மேகங்களாக நம்மை நோக்கி வரும். பகலில் அழகுக்கு வந்தவை போலத் தோன்றும் அந்த மேகங்கள் இரவிலும் தங்கிவிட்டால் நிலத்தின் வெப்பம் தப்ப முடியாது, மேலே சொன்ன கணக்கும் பலிக்காது. கரைந்துவிட்டால் உங்கள் தோட்டத்துக்கு அன்று சோதனைதான்.

இப்போது பள்ளங்களுக்கு இறங்குவோம். டொன், ஹம்பர், ஹைலண்ட் ஓடை, ரூஜ் என்று இந்த நகரத்தை ஆறுகள் ஆழமாக வெட்டிவைத்திருக்கின்றன. தெளிந்த இரவில் மேட்டு நிலத்தில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே தண்ணீரைப் போல வழிந்து அந்தப் பள்ளங்களில் தேங்குகிறது. சைக்கிளில் பள்ளத்துக்குள் இறங்குகிறவர்களுக்குக் கருவி வேண்டாம், முழங்காலே சொல்லிவிடும். 1936இல் மிடில்ரன், மில்லர் என்ற இருவர் ரொறன்ரோ நகரின் ஊடாகக் காரில் வெப்பமானியைக் கொண்டுபோய் அளந்து, இடத்துக்கு இடம் வெப்பநிலை ஏறி இறங்குவதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மிட் 1920களின் இறுதியில் இதே முறையில் அளந்திருந்தார். இன்றைக்கு எந்தக் காரின் முகப்பிலும் வெளி வெப்பநிலை தெரிகிறது. அவர்கள் அன்று பாடுபட்டுச் செய்த வேலையை நாம் பால் வாங்கப் போகும் வழியில் செய்யலாம். ஆனால் செய்வதில்லை.

இந்தப் பள்ளங்கள் ஏன் வீடுகளால் நிரம்பவில்லை என்பதற்கும் ஒரு ஒக்ரோபர் இரவுதான் காரணம். 1954 ஒக்ரோபர் 15 அன்று வந்த ஹேசல் சூறாவளியின் மழையில் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் வீதி என்ற ஒரே வீதியில் மட்டும் 35 பேர். அதன்பிறகுதான் வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் வீடு கட்டுவது நிறுத்தப்பட்டு, 1957இல் அதற்கென ஒரு பாதுகாப்பு அமைப்பு உருவாகி, அந்த நிலங்கள் பூங்காக்களாயின. கட்டடம் இல்லாததால் இரவில் சூட்டைப் பிடித்துவைக்கவும் அங்கே எதுவும் இல்லை. இன்று உறைபனி முதலில் வெளுக்கும் புல்வெளிகள் பல அன்றைய வெள்ளம் பாய்ந்த நிலங்கள்.

மேலே போனால் கதை தலைகீழ். இத்தகைய இரவில் நிலத்தை ஒட்டிய காற்றுதான் மிகக் குளிர்ந்தது. சிறிது உயரத்தில் சூடு அதிகம். பதினைந்தாம் மாடிப் பால்கனியில் தொட்டி வைத்திருக்கும் அக்காவின் மிளகாய்ச் செடி தப்பிவிடும். கீழே தோட்டம் போட்ட தங்கையின் பாகற்கொடி கருகிவிடும். ஏரிக்கு அருகில் இருப்பவர்களுக்கும் தண்ணீரின் சூடு காவல் இருக்கிறது. நகர மையத்துக்கும் வடக்கு விளிம்புக்கும் முதல் உறைபனி வாரக் கணக்கில் வேறுபடலாம். காற்று இப்படி அடுக்கடுக்காக நிற்பதைக் காதாலும் அறியலாம்: 401 நெடுஞ்சாலையின் இரைச்சல் பகலில் கேட்காத தூரத்துக்கும் அன்றிரவு கேட்கும். மேலே சூடான காற்று, ஒலியைக் கீழே வளைத்துவிடுகிறது.

பகலில் பறவைகளும் இந்த வடமேற்குக் காற்றுக்காகக் காத்திருக்கின்றன. பருந்து, கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் திறந்த நீரைக் கடக்க விரும்புவதில்லை. தெற்கே போகும் வழியில் ஏரி குறுக்கிட்டதும் கரையோரமாக மேற்கே திரும்புகின்றன. ஹை பார்க் மேட்டில் நின்று தொலைநோக்கியோடு அவற்றை எண்ணுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் திசையை அவர்களைவிடக் கவனமாகப் பார்ப்பவர்கள் இந்த ஊரில் விமானிகள் மட்டும்தான் இருப்பார்கள்.

இந்த நகரத்தில் அளவெடுக்கும் வழக்கம் பழையது. 1839இல் சார்ள்ஸ் ரிடெல் என்ற பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி பூமியின் காந்தப்புலத்தை அளப்பதற்காக இங்கே அனுப்பப்பட்டார். 1840 முதல் காந்தத்தோடு வானிலையும் பதிவாகத் தொடங்கியது. பிற்பாடு கட்டிய கல் கட்டடம் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இடம் மாற்றிக் கட்டப்பட்டு, பின்னாளில் மாணவர் சங்க அலுவலகமாகவும் இருந்தது. அந்தப் பழைய பதிவேடுகளின் பெருமை புயல் நாட்களில் மட்டும் இல்லை. யாரும் வெளியே எட்டிப் பார்க்காத ஆயிரக்கணக்கான சாதாரண நாட்களிலும் ஒருவர் போய் அளவைக் குறித்து வைத்தார். அதனால்தான் இன்று சராசரி என்று ஒன்றைச் சொல்ல முடிகிறது.

மழைமானிக்காரர்களுக்கும் இது பொருந்தும். 1997 ஜூலையில் கொலராடோவின் போர்ட் கொலின்ஸ் நகரில் பெருவெள்ளம் வந்தபோது, ஒரே ஊருக்குள் மழை அளவு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது. அதைப் பார்த்து 1998இல் தொடங்கிய தன்னார்வ அளவீட்டு வலையமைப்பு இப்போது கனடாவிலும் இயங்குகிறது. அவர்கள் உறுப்பினர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, மழை இல்லாத நாளிலும் பூச்சியம் என்று எழுதி அனுப்புங்கள் என்பதைத்தான். வெற்றிடம் இருந்தால், மழை இல்லையா, ஆள் இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு: வெப்பமானியைச் சுவரில் அறையாதீர்கள், பகல் முழுவதும் வெயில் குடித்த சுவரின் சூட்டைத்தான் அது சொல்லும். வீட்டின் வடக்குப் பக்கம், நிழலில், நெஞ்சு உயரத்தில், காற்றோட்டமாக இருக்கட்டும். அதே இரவில் இன்னொன்றைப் புல்லின்மேல் கிடத்திவையுங்கள். மேலே 3 பாகை காட்டும்போது கீழே பூச்சியத்துக்கும் கீழே போயிருப்பதைக் காண்பீர்கள். வானொலி "உறைபனி இல்லை" என்று சொன்ன காலையில் புல் வெளுத்திருப்பதன் மர்மம் அதோடு தீரும்.

இதை முதலில் ஒழுங்காக விளக்கியவர் வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். இங்கிலாந்துத் தோட்டமொன்றில் தெளிந்த இரவுகளில் சிறு கம்பளித் துணுக்குகளை நிறுத்து வைத்து, காலையில் மீண்டும் நிறுத்துப் பார்த்தார். கால் வைத்து உயர்த்திய பலகையின் மேல் இருந்த கம்பளி நனைந்து கனத்தது. அடியில் இருந்ததில் ஈரம் குறைவு. வானத்தைப் பார்க்கும் பொருள் வெப்பத்தை இழக்கிறது, மறைக்கப்பட்டது அவ்வளவாக இழப்பதில்லை என்று 1814இல் எழுதினார். செடிகளின்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தும்போது நாம் செய்வது அதுதான். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொடும்படி போடாதீர்கள், தொட்ட இடம் கருகும்.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "எல்லாம் சரி தம்பி, கறிவேப்பிலையை எப்போது உள்ளே எடுப்பது?" என்று கேட்டார். இவ்வளவு நேரமும் சபை காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான் போலும். கைபேசிகள் எல்லாம் கீழே இறங்கின. நான் சொன்னேன்: உறைபனிக்குக் காத்திருக்காதீர்கள் அம்மா. உங்கள் முற்றத்து வெப்பமானி இரவில் 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். உள்ளே வந்தபின் அதற்கு எதிரி குளிர் இல்லை, அந்த 26 சதவீதம்தான். வறண்ட காற்றில் சிலந்திப்பேன் பெருகும். இடைக்கிடை குளியலறைக்குக் கொண்டுபோய் இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். மண்ணுக்கு மட்டும் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், பனிக்காலத்தில் அது அதிகம் குடிக்காது.