"பொருந்தவில்லை என்று சொல்லிவிடுங்கள், டாக்டர்"

அண்ணனுக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. கிட்னி கொடுக்கத் தம்பி வருகிறார். ரத்த குரூப் சேர்கிறது, கிராஸ்மேட்ச் நெகட்டிவ், அதாவது அண்ணனின் ரத்தம் தம்பியின் செல்களை எதிர்க்கவில்லை. கிட்னியின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் சரி. எல்லாம் முடிந்தபிறகு தனியறையில் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மனசில்லை டாக்டர். வீட்டில் தெரிந்தால் யார் முகத்திலும் முழிக்க முடியாது. பொருந்தவில்லை என்று சொல்லிவிடுங்களேன்" என்கிறார். டாக்டர் என்ன செய்வார்?

வற்புறுத்த முடியாது. எலும்பு மஜ்ஜை கேட்டு மெக்ஃபால் என்பவர் தன் உறவினர் ஷிம்ப் மேல் 1978-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வழக்குப் போட்டார். மறுப்பது அறமல்ல என்று கண்டித்த நீதிபதி, கட்டாயப்படுத்தவும் மறுத்துவிட்டார். மெக்ஃபால் இறந்துபோனார். மஜ்ஜையாவது திரும்ப ஊறும், கிட்னி முளைக்காது.

உள்ளதை உள்ளபடி குடும்பத்திடம் சொல்லிவிடலாமா? தம்பியும் அந்த டாக்டரின் நோயாளிதான். அவர் சொன்னது ரகசியம்.

அடுத்தது, அவர் கேட்ட பொய். இரக்கத்தால் சொல்லப்பட்டுவந்த பொய்தான், ஆனால் இன்று அது நிற்காது. சேராத ஜோடிகள் தங்களுக்குள் கிட்னியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஃபெலிக்ஸ் ராப்பபோர்ட் 1986-ல் எழுதினார். 1991-ல் தென்கொரியாவில் அது நடந்தேவிட்டது. "சேரவில்லை" என்ற மறுநிமிடம், "அப்படியானால் ஸ்வாப் போடலாமே" என்பார்கள். பிளாஸ்மாவைச் சுத்திகரித்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து கொடுத்து, ரத்த குரூப் சேராத கிட்னியையும் வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் வேண்டும். "உங்கள் கிட்னி ஒன்று சிறியது" என்றால் இன்னும் மோசம். அது ஃபைலில் ஏறும், காப்பீட்டில் இடிக்கும், நாளை வேறொரு டாக்டர் அதை நம்பி மருந்தை மாற்றுவார்.

எனக்குச் சரியென்று படுவது இதுதான்: "இவர் தானத்துக்குத் தகுதியில்லை, காரணத்தை நாங்கள் சொல்வதில்லை." இதில் பொய்யே இல்லை. மனசில்லாதவர் தகுதியில்லாதவர்தான், சம்மதம்தானே முதல் தகுதி. ஆனால் போன வாரம் அக்காவை நிராகரித்தபோது "சர்க்கரை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, தம்பி விஷயத்தில் மட்டும் வாயை மூடினால் குடும்பத்துக்குப் புரிந்துவிடும். மௌனம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரத்தம் எடுப்பதற்கு முன்பே குடும்பத்தை உட்காரவைத்து, "யார் தேறாவிட்டாலும் காரணம் சொல்லமாட்டோம்" என்று அறிவித்துவிட வேண்டும்.

அதோடு, கொடுப்பவரைப் பார்க்கும் டாக்டர் வேறு, வாங்குபவரின் டாக்டர் வேறாக இருக்கட்டும். ரிசல்ட் கொடுப்பவர் கைக்கு மட்டும் போகட்டும். தனிப் பேச்சு ஆஞ்சியோவுக்குப் பிறகு அல்ல, குரூப் பார்ப்பதற்கு முன்பு நடக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் விலகுவது எளிது. கிட்னி கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர் 90 நாளுக்குள் இறக்கிறார் என்ற சமீபத்திய அமெரிக்கக் கணக்கையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு முந்தின இரவு மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். மயக்க மருந்து ஏறும்வரை "வேண்டாம்" என்று சொல்லலாம்.

ஒருவருக்குக் கல்லீரல் திடீரென்று செயலிழந்து, உறவினர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வந்தால் இந்த ஒழுங்கு நெருக்கடிக்குள்ளாகும். கையில் சில நாள்தான் இருக்கும், யோசிக்க அவகாசம் கொடுக்க முடியாது. அப்போதும் வாங்குபவர் குழுவில் இல்லாத ஒருவர், கொடுப்பவரோடு கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரமாவது பேசியாக வேண்டும்.

அண்ணனுக்கு டாக்டர் செய்யவேண்டிய கடமையும் ஒன்று பாக்கியிருக்கிறது. தம்பி விலகிய அன்றே, காரணம் சொல்லாமல், "வேறு ஆள் தேடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் பெயரை விட்டுவிடாதீர்கள்" என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும்.