இனம் இனத்தோடு: ஒளியும் ஒட்டும் விசையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சுருக்கமாக வரவேற்று எல்லோரையும் காப்பாற்றிய செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கால் மணியை உரிமையோடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். துகள்கள் ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுப்புக்கும் ஒளிக்கும் என்ன உறவு. பல்லி எப்படிச் சுவரில் நிற்கிறது.

'இனம் இனத்தோடு சேரும்' என்பார்கள். எங்கே பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. இன்றைக்கு இது பழமொழி மட்டுமல்ல, இயற்பியலும்கூட. மின்னூட்டம் இல்லாத இரண்டு அணுக்கள் ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்? 1930-இல் பிரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளர் விடை சொன்னார். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றின் ஆட்டம் பக்கத்து அணுவின் ஆட்டத்தைத் தன்னோடு இணங்க வைக்கிறது. அந்த இணக்கம்தான் இழுப்பு.

ஒளியை வளைப்பதும் இதே எலக்ட்ரான்கள்தான். கண்ணாடிப் பட்டகம் வெள்ளொளியை வண்ணமாகப் பிரிக்கிறதே, அந்த நிறப்பிரிகையின் பெயரையே லண்டன் இந்த விசைக்கும் வைத்தார். 1950-களின் நடுவில் லிஃப்ஷிட்ஸ் என்ற இன்னோர் இயற்பியலாளர் இன்னும் ஒரு படி போனார். ஒரு பொருள் எந்தெந்த அதிர்வெண் ஒளிக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லுங்கள், அது இன்னொரு பொருளை எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். துகளைத் தொட்டே பார்க்க வேண்டாம்!

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நான் மாணவனாக இருந்தபோது பள்ளி ஆய்வகத்தின் அலமாரி எப்போதும் பூட்டியே இருக்கும். ஆண்டுக்கு இரண்டு நாள் திறப்பார்கள். அப்படி ஒரு நாள், என் கையிலிருந்த போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சி நழுவிப் பீக்கரில் இருந்த கிளிசரினுக்குள் விழுந்தது. குனிந்து பார்க்கிறேன், குச்சியைக் காணோம். கிளிசரின் மட்டும் தெளிவாக நிற்கிறது. சாயங்காலம் கணக்கெடுத்தார்கள், ஒன்று குறைந்தது. "எங்கேடா குச்சி?" "இதுக்குள்ளதான் சார் இருக்கு." "எனக்கே கதை சொல்றியா?" வாசலில் நிற்க வைத்துவிட்டார். நானும் நின்றேன். கடைசியில் ஆய்வக உதவியாளர் பீக்கரைக் கழுவக் கவிழ்த்தார். தொட்டிக்குள் 'ணங்' என்று ஒரு சத்தம். ஆசிரியர் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி சரி, வீட்டுக்குப் போ" என்றார். அலமாரியை மறுபடி பூட்டினார்.

குச்சி ஏன் மறைந்தது என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண். அந்தக் கண்ணாடிக்கு அது 1.47, கிளிசரினுக்கும் ஏறத்தாழ அதே 1.47. ஒளிக்கு எல்லைக்கோடு எங்கே என்றே தெரியவில்லை. இன்னும் பல ஆண்டு கழித்துத்தான் மறுபாதி எனக்குப் புரிந்தது. அந்தத் திரவத்துக்குள் இரண்டு கண்ணாடித் துகள்களைப் போட்டால், அவற்றுக்கிடையே உள்ள இழுப்பும் பெருமளவு அடங்கிவிடும். முழுக்கப் பூஜ்யமாகாது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியிலும் இரண்டும் பொருந்துகின்றனவா என்பதும் கணக்கில் வரும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாதது அந்த விசைக்கும் ஏறக்குறையத் தெரியாது. இனம் இனத்தோடு சேரும், உண்மைதான்; நடுவில் நிற்பவரும் அதே இனமாகிவிட்டால் சேர வேண்டிய அவசரமே இல்லை!

எதிர்ப்பக்கமும் பாருங்கள். வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7. பளீரென்ற வெண்மை அதனால்தான். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டப் பார்ப்பதும் அதனால்தான். அவற்றைப் பிரித்து வைக்கவே தனிப் பொருள் கலக்க வேண்டியிருக்கிறது.

விலக்கும் உண்டு. இரண்டு வேறு இனங்கள், நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு திரவம் என்றால் இழுப்பு தள்ளலாகிவிடும். தங்கத்துக்கும் சிலிக்காவுக்கும் நடுவே புரோமோபென்சீன் என்ற திரவத்தை வைத்து 2009-இல் அளந்தே காட்டினார்கள். இதை விரிவாகச் சொல்ல ஆசை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பல்லி இன்னொரு கூட்டத்துக்கு வரும்.

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று, பத்து ஆண்டாகக் கேட்பதும் அதுதான்: அலமாரியின் பூட்டை எடுங்கள். உடைந்தால் உடையட்டும். கிளிசரினும் ஒரு குச்சியும் இல்லாமல் ஒளிவிலகல் எண்ணைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால், மதிப்பெண் வரும், வியப்பு வராது. என்னை வாசலில் நிற்க வைத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

மேடைக்குக் கீழே மேசைமேல் ஒரு பீக்கர் வைத்திருக்கிறேன். வெறும் கிளிசரின் மாதிரிதான் தெரியும். போகும்போது மாணவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே எத்தனை குச்சி இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். துண்டும் வைத்திருக்கிறேன். வணக்கம்.