மூன்று டப்பா மாத்திரையும் ஒரு சட்டி மோரும்

(மதுரை திருப்பரங்குன்றத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில், கல்லூரி நுண்ணுயிரியல் ஆசிரியை பேசியது.)

எல்லாருக்கும் வணக்கம்.

என் அக்கா போன வருஷம் ஒரு மருந்துக் கடையில் புரோபயாட்டிக் மாத்திரை வாங்கினார். "நல்ல கிருமி, மூணே மாசத்தில் தொப்பை கரையும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று டப்பா தீர்ந்தது. எடை அசையவில்லை. "நீதானே காலேஜில் கிருமிப் பாடம் நடத்துகிறாய், இது பொய்யா?" என்று கேட்டார். பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளவும் முடியவில்லை, சரி என்று தலையாட்டவும் மனம் வரவில்லை. அக்காவுக்குச் சொன்ன நீளமான பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை பெருங்குடலில். கீரை, பயறு, வாழைத்தண்டில் இருக்கும் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது, அவற்றால் முடியும். அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைச் செய்கின்றன. குடலின் உட்சுவருக்கு அது சாப்பாடு. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களையும் அந்த அமிலங்கள் தூண்டுகின்றன. உடல் எடையோடு இவற்றுக்குத் தொடர்பு வருவது இப்படித்தான்.

2013இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஜெஃப்ரி கார்டன் குழுவினர் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரட்டையர்களில் ஒருவர் பருமன், இன்னொருவர் ஒல்லி. அப்படிப்பட்ட ஜோடிகளின் குடல் பாக்டீரியாக்களை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். பருமனானவரின் பாக்டீரியா போன எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. அப்புறம் இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் எச்சத்தை இன்னொன்று தின்னும். ஒல்லியானவரின் பாக்டீரியா அந்த வழியே மற்ற எலிக்குள் போய்க் குடியேறியது, கொழுப்பு சேருவது தடைபட்டது. ஆனால் எப்போது? கொழுப்புக் குறைவாக, காய்கனி அதிகமாக இருந்த தீனியைக் கொடுத்தபோது மட்டும். கொழுப்பு மிகுந்து நார் குறைந்த தீனியில் அது குடியேறவே இல்லை. பல வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், இந்த இடம் வரும்போது இன்னும் சிலிர்க்கிறது. வருகிற விருந்தாளிக்கு வீட்டில் சோறு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, மனிதர்களில்? ஜப்பானில் 2010இல் வெளியான ஆய்வில் 87 பேரை எடுத்துக்கொண்டார்கள். லாக்டோபேசில்லஸ் கேஸரி என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ரகம் சேர்த்த புளித்த பாலை ஒரு பிரிவினர் 12 வாரம் குடித்தார்கள். அவர்களுக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு 4.6 சதவீதம் குறைந்தது. எடை குறைந்தது 1.4 சதவீதம். 80 கிலோ ஆளுக்கு ஒரு கிலோ சொச்சம்! பலன் இருக்கிறது, ஆனால் சின்னது. அதுவும் அந்த ரகத்துக்கு உரியது. டப்பாவில் வேறு ரகம் இருந்தால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அக்காவின் டப்பாவில் ரகத்தின் பெயரே இல்லை.

பருமனாக இருப்பவர்களைச் சோம்பேறி என்று பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். இதை மனம் வலித்துச் சொல்கிறேன். மரபு, தூக்கம், மருந்துகள், குடல் எல்லாமே இதில் இருக்கின்றன. அதே சமயம் கவனமும் வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80ம் தாண்டினால் சர்க்கரை நோய்க்கான சோதனை செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர் தூங்கா நகரம். நடு ராத்திரியிலும் பரோட்டா கிடைக்கும். மைதா பரோட்டாவில் பாக்டீரியாவுக்கு வேண்டிய நார் மிகக் குறைவு. தினமும் அதையே கொடுத்துவிட்டு மேலே ஒரு மாத்திரை போட்டால், மாத்திரையில் வந்தது எதைத் தின்று தங்கும்? தட்டாம்பயறு, அவரை, கம்பு, கேழ்வரகு, சின்ன வெங்காயம், பூண்டு, வாழைப்பூ, இவையெல்லாம் அவற்றின் சாப்பாடு. பழைய சோற்றில் புளிப்பைத் தரும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் உண்டு, ஆறிய சோற்றில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஸ்டார்ச்சும் கூடும். அதற்காகப் பழைய சோறு தொப்பையைக் கரைக்கும் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே சொல்லிவிடாதீர்கள். சோறு சோறுதான், அளவு வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. அபூர்வமாக அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது.

முன்வரிசை அம்மா, "இட்லி மாவு புளிக்கிறதே, இட்லியில் அந்தக் கிருமி இருக்குமா?" என்று கேட்கிறார்கள். மாவில் இருக்கிறதம்மா. ஆவியில் வெந்ததும் இறந்துவிடும். மோர்க்குழம்பும் அப்படித்தான், கொதித்தால் போச்சு. சாதத்தில் ஊற்றிக்கொள்ளும் பச்சை மோரில் உயிரோடு இருக்கும். தாளித்துத்தான் வேண்டுமென்றால், தாளிப்பு ஆறின பிறகு மோரில் கொட்டுங்கள்.