அக்குளுக்குள் கேட்கும் இரைச்சல்

நேயர்களுக்கு வணக்கம். நாய்க்குட்டியின் பிறவி இதயக் கோளாறு பெரும்பாலும் 6 முதல் 8 வார வயதில், முதல் தடுப்பூசியின்போதுதான் மருத்துவரின் காதில் விழுகிறது. குட்டி துறுதுறுவென்று ஓடுகிறதே என்று இதயத்தை மேலோட்டமாகக் கேட்டுவிட்டால், கோளாறு கண்ணில் படாமல் தப்பிவிடும்.

அப்படித் தப்புவதில் என்னை மிகவும் வருத்துவது மூடாத தமனி நாளம். கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லாததால், நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் ஒரு குறுக்குக் குழாய் இணைத்திருக்கும். பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால், அழுத்தம் மிகுந்த பெருந்தமனி ரத்தம் அந்த வழியே நுரையீரல் பக்கம் ஓயாமல் பாயும்; இயந்திரம் ஓடுவது போன்ற தொடர் இரைச்சல் எழும். இடது முன்னங்காலை முன்னால் இழுத்து, அக்குளுக்குள் உயரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால்தான் அது முழுதாகக் கேட்கும். இதய நுனியில் மட்டும் வைத்தால் சுருங்கும்போது எழும் பாதிதான் கேட்கும். வால்வு கசிவு என்று தோன்றிவிடும். குட்டிக்கு மூச்சு இரைத்தால் வாயைச் சில நொடி மூடிப் பிடித்துக் கேளுங்கள்.

உட்தொடையில் நாடியும் பார்க்க வேண்டும். இந்தக் கோளாறில் நாடி துள்ளி எழுந்து சட்டென விழும். பெருந்தமனி வால்வுக்குக் கீழே சுருக்கம் இருந்தால் நேர்மாறு: மெலிந்து, தாமதமாக எழும். கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர், பாக்ஸர் இனங்களில் இதைத் தேட வேண்டும். குட்டி வளர வளரச் சுருக்கம் கூடும் என்பதால் ஒருமுறை கேட்டது போதாது. ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் இதய அல்ட்ராசவுண்டான டாப்ளர் எக்கோவில், சுருக்கத்தைக் கடக்கும் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்றால், வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்க, அழுத்த வேறுபாடு 100 மில்லிமீட்டர் பாதரசம். 80-ஐத் தாண்டினாலே கடுமை.

இரைச்சலின் உரப்பை ஆறு தரமாகப் பிரிப்போம்; அதில் ஒன்றாம், இரண்டாம் தர மெல்லிய இரைச்சல் பல குட்டிகளில் 6 மாதத்துக்குள் தானே மறையும். மூன்றாம் தரம் முதல் எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு பிறவிக் கோளாறில், இதயத்தருகே ரத்தக்குழாய்கள் வளையமாக அமைந்து உணவுக்குழாயை நெரிக்கும்; அதில் இரைச்சலே இராது. பாலைச் சிக்கலின்றி விழுங்கிய குட்டி, திட உணவு தொடங்கியதும் கக்கும். பேரியம் எக்ஸ்-ரேயில் இதயத்துக்கு முன்னால் உணவுக்குழாய் உப்பித் தெரியும்.

சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. மூடாத நாளத்தில் நுரையீரல் அழுத்தம் ஏறி ஓட்டம் திரும்பிவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும். அப்போது கொஞ்சம் நடக்கவிட்டு, ஈறையும் பிறப்புறுப்பின் சவ்வையும் ஒப்பிடுங்கள். தலைக்குச் செல்லும் கிளைகளைத் தாண்டித்தான் கெட்ட ரத்தம் பெருந்தமனியில் கலக்கிறது. ஆகவே ஈறு சிவந்திருக்க, பின்பக்கம் நீலம் பாரிக்கும், பின்னங்கால்கள் தளரும். குலுக்கிய உப்புநீரைச் சிரையில் செலுத்தி எக்கோவில் பார்த்தால், வயிற்றுப் பெருந்தமனியில் குமிழிகள் தெரியும். தெரிந்தால் அந்த நாளத்தை மூடவே கூடாது. மூடினால் வலது இதயத்தின் அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லாமல் குட்டி இறந்துவிடும்.