கேசட் பாட்டு கணினிக்கு: முக்கால்வாசி வேலை கணினிக்கு வெளியேதான்

வணக்கம் நண்பர்களே. பழைய கேசட்டில் இருக்கும் பாட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். இந்த வீடியோவில் சாஃப்ட்வேர் கடைசியில்தான் வரும், அதுவும் கொஞ்ச நேரம்தான். ஏனென்றால் டேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட் எடுக்காமல் விட்ட சத்தத்தை எந்த சாஃப்ட்வேராலும் திருப்பித் தர முடியாது. ஹெட் முழுசாக எடுத்துக் கொடுத்துவிட்டால், கணினியில் செய்ய வேண்டிய வேலை ரொம்பக் குறைவு.

மேசையில் இருப்பவற்றைப் பாருங்கள். ஒரு கேசட் டெக், ஒரு லேப்டாப், இரண்டுக்கும் நடுவில், டெக்கின் சத்தத்தை டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். அவ்வளவுதான். யூஎஸ்பி வயரோடு கைக்குள் அடங்குகிற சின்ன கேசட் பிளேயர்கள் ஆன்லைனில் நிறையக் கிடைக்கின்றன. பேச்சைப் பதிவு செய்ய அவை போதும். பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வகைப் பிளேயர்கள் பெரும்பாலானவற்றில் வேகம் ஆடும், டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி இருக்காது, குரோம் என்ற வேறு பூச்சு வைத்த டேப்புக்கான ஸ்விட்சும் இருக்காது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய டெக்கை இரவல் வாங்கினாலே அதைவிடப் பல மடங்கு நன்றாக வரும்.

சரி, டேப்பை உள்ளே போடுவதற்கு முன்பு கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே, நடுவில் இருக்கும் சின்ன ஜன்னலில் ஒரு பஞ்சுப் பட்டை தெரிகிறதா? மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகவும் ஏறி இறங்கியும் கேட்கும், நாம் டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். டேப் நன்றாகத்தான் இருக்கும். வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் டேப்பை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஸ்க்ரூ வைத்த கேசட் என்றால் சுலபம். ஒட்டி மூடியது என்றால் கூட்டை உடைத்துத்தான் டேப்பை எடுக்க வேண்டும், பொறுமை தேவை.

டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டக் கூடாது. டெக்குக்குள்ளும் பரவும், அடுத்து ஓடும் டேப்புகளுக்கும் போகும். அப்புறம், மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னத் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக் அந்த டேப்பில் ரெக்கார்ட் பண்ணாது. கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும். பல வருஷம் சும்மா கிடந்த டேப்பை ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டி, மறுபடி பின்னால் சுற்றிவிட்டு அப்புறம் பிளே பண்ணுங்கள். இறுகிக் கிடக்கும் சுற்றுகள் தளரும்.

அடுத்தது சுத்தம். இதைச் சொன்னால் "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள், அதனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். கேசட் டேப் ஒரு வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த காலத்திலிருந்து அதே வேகம்தான். 10 கிலோஹெர்ட்ஸ் சத்தம் என்றால் அந்த 4.76 சென்டிமீட்டருக்குள் பத்தாயிரம் அலைகள். ஒரு அலைக்குக் கிடைக்கும் இடம் ஐந்து மைக்ரான்கூட இல்லை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இப்போது ஹெட்டின் மேல் ஒரே ஒரு மைக்ரான் அழுக்கு படிந்து டேப்பைத் தள்ளி நிறுத்துகிறது என்று வையுங்கள். அந்த 10 கிலோஹெர்ட்ஸ் சத்தம் 11 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும். கண்ணுக்கே தெரியாத அழுக்கு! ஜால்ராவின் மினுமினுப்பு, வயலினில் வில் உரசும் சத்தம், பாடுகிறவர் "ச" சொல்லும்போது வரும் காற்று எல்லாம் இந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். பளபளப்பாக இருப்பது ஹெட். பக்கத்தில் ஊசி மாதிரி நிற்கும் தண்டு கேப்ஸ்டன். அதோடு ஒட்டிச் சுழலும் கறுப்பு ரப்பர் உருளை பிஞ்ச் ரோலர். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடைக்கிறேன். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். குச்சியைப் பாருங்கள், பழுப்பாக வருகிறது. அது டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. குச்சி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு மட்டும் நான் ஆல்கஹால் போடுவதில்லை. ரப்பரை அது காயவைக்கும் என்று ஒரு கட்சி, ஒன்றும் ஆகாது என்று இன்னொரு கட்சி. சோப்புத் தண்ணீர் லேசாகத் தொட்ட துணியே வேலையை முடித்துவிடும்போது அந்தச் சண்டை எனக்கு எதற்கு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குத்துப் பிளவு இருக்கிறது. ரெக்கார்ட் செய்த மெஷினில் அந்தப் பிளவு எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே கோணத்தில் நம் டெக்கின் ஹெட்டும் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் மேல் சத்தங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கம்பெனி போட்ட கேசட்டுகளில் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். வீட்டில் ரெக்கார்ட் செய்தது என்றால் சொல்லவே முடியாது, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு சாய்வு. "பழைய டேப், அதனால்தான் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கிறது" என்கிறோமே, அதில் நிறைய இந்தச் சாய்வால் வருவதுதான்.

சரி செய்வது எப்படி என்று காட்டுகிறேன். ஹெட்டின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். அதில் ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூதான் அசிமத் ஸ்க்ரூ. முதலில் மார்க்கர் பேனாவால் அது இப்போது இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் காந்தம் ஏறாததாக இருக்க வேண்டும், காந்த முனையை ஹெட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகவே கூடாது. டேப் ஓடட்டும். கணினியில் இடது, வலது இரண்டையும் சேர்த்து மோனோவாக ஹெட்போனில் கேளுங்கள். மோனோ ஏன் என்றால், சாய்வு இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முந்திப் பிந்தி வரும். சேர்த்துக் கேட்கும்போதுதான் அந்த இழப்பு பளிச்சென்று தெரியும். இப்போது திருப்புகிறேன். மெதுவாக, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குகூட வேண்டாம். மங்குகிறது… இன்னும் மங்குகிறது… தப்பான பக்கம். திரும்பி வருகிறேன். கேட்கிறதா? திரை விலகிய மாதிரி ஜால்ரா மேலே வந்துவிட்டது. அந்த உச்சத்தைத் தாண்டி கொஞ்சம் போய், மறுபடி மங்குவதைக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து உச்சத்தில் நிறுத்துங்கள். டேப்பின் "ஸ்ஸ்ஸ்" இரைச்சலை வைத்துச் சரி பார்க்காதீர்கள், பாட்டை வைத்துப் பாருங்கள். அந்த இரைச்சல் சாய்வோடு சேர்ந்து மாறுவதில்லை, ஏமாற்றிவிடும். ஒவ்வொரு டேப்புக்கும், சில சமயம் ஒரே டேப்பின் இரண்டு பக்கத்துக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்ததும் மார்க்கர் குறிக்குத் திரும்பிவிடுங்கள்.

டால்பியை இதற்கு அப்புறம்தான் தொட வேண்டும். டால்பி பி போட்டு ரெக்கார்ட் செய்த டேப்பில் மெல்லிய மேல் சத்தங்களைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள். பிளே பண்ணும்போது அதே அளவு இறக்கினால், கூடவே டேப் இரைச்சலும் சுமார் 10 டெசிபல் இறங்கும். எவ்வளவு இறக்குவது என்பதை டெக் தனக்கு வந்து சேரும் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அசிமத் தப்பாக இருந்து மேல் சத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால், டால்பி அதை இன்னும் அமுக்கும். "டால்பி போட்டாலே மந்தமாகிவிடுகிறது" என்பவர்கள் ஒரு தடவை அசிமத்தைச் சரி செய்துவிட்டு மறுபடி போட்டுக் கேளுங்கள். டால்பி இல்லாமல் பதிந்த டேப்புக்கு டால்பி போடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குரோம், மெட்டல் டேப்புகளுக்கு உரிய ஸ்விட்சையும் பார்த்து வையுங்கள். சாதாரண டேப்பின் ஈக்வலைசேஷன், அதாவது மேல் சத்தங்களைச் சரிக்கட்டும் அளவு, வேறு, அவற்றினுடையது வேறு.

வயரிங்கை வேகமாக முடித்துவிடலாம். டெக்கின் பின்னால் லைன் அவுட் இருக்கும், அதிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு. லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். மைக்குக்கென்று வைத்த பெருக்கம் அங்கே இருக்கும், பாட்டு கரகரவென்று உடையும், பெரும்பாலும் மோனோவாகவும் ஆகிவிடும். "ம்ம்ம்" என்று உறுமல் வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய இடத்தில் சத்தத்தைத் தானாகவே தூக்கும், உரத்த இடத்தில் அமுக்கும்.

லெவல். டேப் காலத்துப் பழக்கம், முள் சிவப்பைத் தொடும்வரை ஏற்றுவது. டேப் அதைத் தாங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடையும். டிஜிட்டலில் உச்ச வரம்பே பூஜ்ய டெசிபல்தான், அதைத் தாண்டியது சீவினாற்போல வெட்டுப்பட்டுவிடும். பாட்டின் உரத்த இடத்தை ஓட்டிப் பார்த்து, உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். "குறைவாகப் பதிந்தால் தரம் போகாதா?" என்று கேட்பீர்கள். 16 பிட்டிலேயே மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் நடுவில் 96 டெசிபல் இடம் இருக்கிறது, கேசட்டுக்கு அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். 24 பிட்டில் பதிந்தால் இந்தக் கவலைக்கே இடமில்லை. நான் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைக்கிறேன். நிமிஷத்துக்குப் பதினேழு எம்பி வரும், ஒரு 90 நிமிஷக் கேசட் சுமார் ஒன்றரை ஜிபி. 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் கேசட்டுக்கு வீண் ஆடம்பரம்.

இப்போது சாஃப்ட்வேர். ஆடாசிட்டி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள், சிவப்பு பட்டனை அழுத்துங்கள், டேப்பை ஓட விடுங்கள். ஒரு பக்கத்தை நிறுத்தாமல் ஒரே கோப்பாக எடுங்கள், பாட்டு பாட்டாக அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். வந்ததை வேவ் கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அதன் நகலில்தான்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்த டெக்கில், அல்லது பேட்டரி தீரும்போது ரெக்கார்ட் செய்த டேப்பில் இது மாறியிருக்கும். ஆறு சதவீதம் வேகம் கூடினால் பாடகர் அரைக் கட்டை ஏறிப் பாடுவார். காது பழகியவர்கள் கீபோர்டில் சுருதி வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. பழைய ரெக்கார்டிங்குகளில் மின்சாரத்தின் உறுமல் மெலிதாகக் கலந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் பதிந்தது என்றால் அந்த உறுமல் 50இல் இருக்க வேண்டும். ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் அது 51.5இல் தெரிந்தால், பாட்டு மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது. அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்துவிட்டால் சரி. ஆனால் உங்கள் டெக்கே இப்போது உறுமினால் அதை நம்பாதீர்கள், அது எப்போதும் 50இலேயேதான் நிற்கும்.

இரைச்சல் நீக்கம். முடிந்தவரை செய்யாதீர்கள் என்பேன். செய்தே ஆக வேண்டும் என்றால், இரைச்சல் எப்படி இருக்கும் என்று சாஃப்ட்வேருக்குக் காட்ட மாதிரிக்கு எடுக்கும் மௌனம் இரண்டு பாட்டுக்கு நடுவில் உள்ளதாக இருக்கட்டும். டேப்பின் தொடக்கத்தில் வரும் பிளாஸ்டிக் பட்டையில் காந்தப் பூச்சே கிடையாது, அங்கே கேட்பது உங்கள் டெக்கின் இரைச்சல்தான். அதைக் கொடுத்தால் சாஃப்ட்வேர் தப்பாகக் கழிக்கும். ஆறு டெசிபல் போல லேசாகக் குறைத்தால் போதும். முழுசாகத் துடைத்தெடுக்கப் பார்த்தால், பாட்டு தண்ணீருக்கடியில் பாடுவது மாதிரி ஆகி, பின்னால் கிணிகிணியென்று ஏதோ ஒலிக்கும். இரைச்சல் பழகிப்போகும், அந்தக் கிணிகிணி பழகாது. பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால் அதே வரி பேய் மாதிரி மெலிதாகக் கேட்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். டேப் சுருளில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் பதிவதால் வருவது அது. பாட்டுக்கு முந்தைய மௌனத்தை வெட்டிவிட்டால் அந்த இடத்தில் போய்விடும், பாட்டுக்கு நடுவில் வருவதை விட்டுவிடுங்கள்.

வைத்துக்கொள்ள ஃப்ளாக், போனில் கேட்க எம்பி3. ஃப்ளாக்கில் ஒரு துளி தகவலும் போகாது, இடமும் வேவை விடக் குறைவு. வேறொரு டிரைவிலும் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.

"வேகமாக ஓட்டி எடுக்க முடியாதா?" என்பது கமெண்டில் அடிக்கடி வரும் கேள்வி. இரட்டை வேக டெக்குகள் இருக்கின்றன, வேண்டாம். 90 நிமிஷக் கேசட்டுக்கு 90 நிமிஷம் ஆகத்தான் ஆகும். டேப் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காதாவது கொடுங்கள், முக்கியமாக சி-120, அதாவது 120 நிமிஷக் கேசட் என்றால். அதன் டேப் ரொம்ப மெல்லியது, ரோலரில் சுற்றிக்கொண்டால் உடனே நிறுத்த ஆள் வேண்டும்.

மாற்றி முடித்த கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, பெட்டியில் நிற்க வைத்து, ஸ்பீக்கரில் இருந்து தள்ளி வையுங்கள். ரீல் டேப் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த வீடியோ. அதுவரை ஒன்று மட்டும்: ரீல் ஓடும்போது கீச்சென்று கத்தினாலோ, ஹெட்டில் பிசின் மாதிரி ஒட்டினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அந்த டேப்பின் பசை ஈரம் இழுத்துக் கெட்டிருக்கிறது, ஓட்ட ஓட்ட பாட்டு பதிந்த பூச்சே உரிந்து வரும்.