பஸ்ஸர் அலறினால் முதலில் பின்னால் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பாக் ஜலசந்திக் கரையில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் காலத்தில் காதை வைத்தே கோளாறைப் பிடித்துவிடுவோம். இப்போதைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஏதாவது பிசகினால் விளக்கை மினுக்கும், பஸ்ஸரை அலறவிடும். கரைப்பக்கம் சிக்னல் கிடைத்ததும் எனக்குப் போன் வரும்: "அண்ணே, லைட்டு மின்னுது, என்ன செய்ய?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வேகம் தானாகக் குறைந்ததா, இல்லையா?

பஸ்ஸரும் கத்தி வேகமும் விழுந்தால், ஒன்று சூடு, இல்லாவிட்டால் ஆயில் அழுத்தம். யமஹா ஃபோர் ஸ்ட்ரோக்கில் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 2000க்குத் தானாக இறங்கிவிடும். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அப்போது ஆக்சிலேட்டரை முறுக்கிப் பயனில்லை. பின்னால் திரும்பி, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லை என்றால் உடனே அணைத்து, எஞ்சினைத் தூக்குங்கள். எங்கள் பக்கம் பாதி நேரம் தண்ணீர் இழுக்கும் சல்லடையில் தாழை (கடல்புல்) சுற்றியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, ஆறவிட்டு ஓட்டினால் பழையபடி பீச்சும். அப்படியும் வரவில்லை என்றால் உள்ளே சுழன்று தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கலாம். கரையில் தண்ணீர் கொடுக்காமல் 'சும்மா ஒரு தடவை' ஸ்டார்ட் செய்து பார்க்கிறோமே, அதில் கருகுவது இந்த ரப்பர்தான். பிய்ந்த இதழ் மேலே போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். அதனால் புது இம்பெல்லர் போடும்போது பழையதன் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளேதான் கிடக்கிறது.

தண்ணீர் நன்றாகவே வருகிறது, ஆனாலும் சூடு என்றால், சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டில் உப்புப் படிந்திருக்கலாம். ஆயில் என்றால் எஞ்சினை நேராக நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, குச்சியில் அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எச்சரிக்கை போகவில்லையா? ஓட்டவே கூடாது, கட்டி இழுத்து வாருங்கள்.

விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது, வண்டி ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சாரைக் குறிக்கும் எண். எண்ணுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு முறை மின்னி, சற்று நிறுத்தி, நான்கு முறை மின்னினால் 1-4. சுசுகியில் அது சிலிண்டர் சூட்டைப் பார்க்கும் சென்சார். அதே வேலைக்கு யமஹாவில் 15. ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி அட்டவணையில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொன்று, அந்த எண் கம்ப்யூட்டருக்கு வந்து சேராத தகவலைச் சொல்கிறது. கெட்டுப்போன சாமானை அல்ல. இதை நான் கைக்காசு செலவழித்துக் கற்றேன். ஒரு தம்பி எஞ்சினைக் கொண்டுவந்தார். சூட்டு சென்சார் எண் காட்டுகிறது, பெட்ரோல் நாற்றம், ப்ளக் கன்னங்கரேல். யோசிக்காமல் புது சென்சார் வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையில் அதே எண்ணோடு வந்து நின்றார். கனெக்டரைக் கழற்றினால் ஒரு ஊசி மயில்துத்தம் மாதிரி பச்சை பிடித்திருக்கிறது! அந்த சென்சாருக்கு சூடு ஏற ஏற மின்தடை குறையும். பச்சை பிடித்த ஊசி தடையைக் கூட்டிவிட்டது. எஞ்சின் குளிராகவே இருக்கிறது என்று நம்பிய கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றியது. துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினேன், தீர்ந்தது. சென்சார் காசை நான் வாங்கவில்லை.

பேட்டரி முனைகளும் அப்படித்தான். அங்கே உப்புப் பூத்து மின்னழுத்தம் இறங்கினால் யமஹா 19 காட்டும். பேட்டரியை மாற்றும் முன் முனையைச் சுரண்டிப் பாருங்கள். அப்புறம், சூடான எஞ்சினின் மூடியைத் திறந்து கடல் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்னென்ன எண் வரும் என்று எனக்கே தெரியாது.

யமஹாவில் 44 என்று ஓர் எண் உண்டு. ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏதோ பெரிய கோளாறாம். டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சினை அணைக்க, கையில் மாட்டும் சிவப்புக் கயிறும் அதன் கிளிப்பும் ஸ்விட்சில் இல்லை. முந்தின நாள் கழற்றிய பையன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டில் தூங்குகிறான். 44 என்றால் அந்தக் கயிறுதான்.